கடைசி அடி அவருடையது

என் கொழுந்தனாருக்கு, யார் வைத்த குழம்பானாலும் அதில் தன் கையால் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால்தான் மனம் ஆறும். உப்புச் சரியாகத்தான் இருக்கும். அது அவருக்கும் தெரியும். அடுப்படிக்குள் தலையைக் குனிந்து வந்து, சட்டி மூடியைத் தூக்கி மோந்து பார்த்து, இரண்டு விரலால் உப்பை எடுத்துத் தூவி, கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இப்பத்தான் மதினி குழம்பாச்சு" என்பார். அன்றைக்கு விருந்தாளி யாராவது வந்து, குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போச்சு. "நம்ம கைப்பக்குவம்" என்று இலையில் உட்கார்ந்தபடியே சத்தம் கொடுப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். விடியலில் எழுந்து மசால் அரைத்து, புளி கரைத்து, புகையில் கண் எரிய நின்று வைத்த குழம்பு, ஒரு சிட்டிகையில் அவருடையதாகிவிடும்.

ஆள் நல்ல உயரம். உலைக்கு முன்னால் நின்று நின்று முன்பக்கமாகக் கொஞ்சம் வளைந்துபோன உடம்பு. முன்கையெல்லாம் தீப்பொறி பட்ட தழும்பு, அம்மை வார்த்து இறங்கின மாதிரி. பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களில் ரொம்பக் காலம் கொல்லு வேலை பார்த்தவர். அங்கே பழகின மலையாளம் நாக்கில் பாதி ஒட்டிக்கொண்டது. போதும் என்பதை 'மதி' என்றுதான் சொல்லுவார். அடுத்தவர் ஒரு வேலையை முடிக்கப்போகிற நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து நின்று, கையை நீட்டி, "மதி, கொண்டா" என்பார். அந்த இரண்டு சொல்லைச் சொல்லித்தான் எங்கள் சொந்தபந்தத்தில் இன்றைக்கும் அவரை நினைத்துச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாண வீடு. வாசலில் இளவட்டங்கள் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நட்டு, நிமிர்த்தி, கயிறு கட்டி முடித்தாயிற்று. இவர் போய் நின்றார். "மதி, கொண்டா." கயிற்று முனையை வாங்கி, போட்ட முடிச்சை அவிழ்த்து, அதே முடிச்சைத் திரும்பவும் போட்டார்.

"சித்தப்பா, நானும் அதத்தான போட்டிருந்தேன்" என்றான் கட்டினவன்.

"நீ கயிறச் சுத்தியிருந்தே. நான் முடிச்சுப் போட்டிருக்கேன்" என்றார்.

இன்னொரு தடவை போடிமெட்டு ஏறும்போது நாங்கள் போன ஜீப்பு பஞ்சராகி நின்றுவிட்டது. டிரைவரும் தோட்டத்து ஆட்களும் மழையில் நனைந்துகொண்டு டயரைக் கழற்றி மாட்டினார்கள். இவர் துண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கடைசி நட்டை முறுக்குகிற நேரத்தில் இறங்கிப் போய் ஸ்பானரை வாங்கி ஒரு திருகு. அவ்வளவுதான். மேலே டீக்கடையில் போய் இறங்கினதும், "நல்லவேளை, நான் கூட இருந்தேன்" என்று கடைக்காரரிடம் ஆரம்பித்துவிட்டார். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஏத்தா, உங்க கொழுந்தனாருக்கு ஜீப்பையே எழுதிக் குடுத்துட்டு நான் நடந்து வந்துரவா?" என்று கேட்டான்.

கெட்ட மனுசர் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். என் வீட்டுக்காரர் ஒரு தோட்டத்து இரும்புக் கேட்டு வேலைக்காக மலைக்குப் போய்த் திரும்பும்போது ஜீப்பு கவிழ்ந்து வலது தோள் நொறுங்கிவிட்டது. சேதி கேட்ட அன்றைக்கே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தவர் இவர். மதுரை ஆஸ்பத்திரியில் அண்ணன் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்துக் கிடந்தார். மூத்திரச் சட்டி எடுத்தார். மலையில் அவருக்கு நல்ல வேலை, நல்ல பேர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கள் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார். அண்ணனுடைய கை இடுப்புக்கு மேல் எழும்பாது என்று ஆகிவிட்ட பிறகு அந்தப் பட்டறையில் குறடு பிடிக்க ஆம்பளை இல்லை. அதனால்தான் வந்தார்.

குறடு பற்றிச் சொல்லவேண்டும். போடியில் மேற்கே மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில் இருந்தது எங்கள் பட்டறை. கருக்கலில் தோட்டத்துப் பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போகும். பொழுது சாய அதே ஜீப்புகள் திரும்பும்போது வாசலில் கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் வந்து விழும். கல்யாணமாகி வந்த மறுமாசமே சம்மட்டி என் கைக்கு வந்துவிட்டது. ஒருவர் குறட்டால் பழுத்த இரும்பை அடைகல்லின் மேல் பிடிப்பார். மற்றக் கையில் இருக்கிற சின்னச் சுத்தியலால் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டுவார். அந்த இடத்தில் நான் சம்மட்டியை இறக்க வேண்டும். அவர் வெறும் கல்லில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும். வாய்ப்பேச்சே கிடையாது. இடுப்பொடிய அடிப்பது நான். ஆனால் சம்மட்டி அடிக்கிறவர் அடிக்கிற ஆள், அவ்வளவுதான். குறடு பிடிக்கிறவர்தான் ஆசாரி. குறட்டைப் பொம்பளை தொடக்கூடாது. அத்தனை கனச் சம்மட்டியைத் தூக்கலாம், இத்தனூண்டு குறட்டைத் தொடக்கூடாது. ஏன் என்று என் மாமனாரைக் கேட்டேன். "வச்சது வச்சதுதான்" என்றார்.

கொழுந்தனார் குறடு பிடிக்க வந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். நிறுத்து என்று கல்லில் தட்டுவார். நான் சம்மட்டியை இறக்கி வைப்பேன். அதற்கப்புறம் அவர் மட்டும் சின்னச் சுத்தியலால் ஒரே ஓர் அடி அடிப்பார். இரும்பு ஆறிப்போயிருக்கும். அந்த அடியால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் அடிப்பார். அடித்துவிட்டு நிமிர்ந்து வாசலைப் பார்ப்பார், யாராவது பார்க்கிறார்களா என்று.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விடுவார். அவருக்குப் பேச்சு வேண்டும், நாலு பேர் வேண்டும். பட்டறையில் நானும் வீட்டுக்காரரும்தான் இருப்போம். கை விழுந்த நாளிலிருந்து அவர் பலகையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்யமாட்டார்.

"என்னத்த அங்கயே பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று ஒருநாள் கேட்டார்.

"குறடு சும்மா கெடக்கேன்னு பாத்தேன்."

"எடுக்கணுமாக்கும்?"

"எடுத்தா என்ன செய்வீக? எந்திரிச்சு வந்து அடிக்கவா போறீக?"

அவர் சிரித்தார். தோள் நொறுங்கினதுக்கு அப்புறம் சிரித்தது அதுதான் முதல் தடவை. "கதவச் சாத்திட்டு எடு" என்றார்.

அத்தனை வருசம் சம்மட்டி அடித்தவள், எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. அடிக்கிற கைக்கு, இரும்பைத் திருப்புகிற கை என்ன நினைக்கிறது என்று தெரியாது. அவர் பலகையில் உட்கார்ந்து வாயால் சொல்லுவார், நான் செய்வேன். முதலில் எனக்குக் கொடுத்தது துளையுளி. தகரத்தில் வைத்து மேலே அடித்தால் வட்டமாக ஓட்டை விழுகிற உளி. லாரி ஸ்பிரிங்கில் வெட்டின துண்டுக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, முதலில் சதுரமாக இழுக்கவேண்டும், பிறகு மூலைகளை அடித்து எட்டுப் பட்டையாக்கவேண்டும், கடைசியில் உருட்டி உருட்டி வட்டமாக்கவேண்டும். எடுத்த எடுப்பில் வட்டமாக அடித்தால் நடுவில் புரை விழுந்துவிடும். நான் எடுத்த எடுப்பில்தான் அடித்தேன்.

"முருங்கக்கா கேட்டா முள்ளங்கி குடுக்கிறியே" என்பார்.

"முள்ளங்கியில தொளை விழாதாக்கும்?"

"விழும். சாம்பார்ல."

ஒருநாள் பேச்சுச் சுவாரசியத்தில் உலையில் விட்டுவிட்டேன். கம்பி மத்தாப்பு மாதிரி பூத்துச் சிதறிப்போனது. அதற்கு அவர் திட்டவில்லை. "எரிஞ்ச இரும்பு எதுக்கும் ஆகாது, தூரப்போடு" என்று மட்டும் சொன்னார்.

துவைச்சல்தான் கஷ்டம். காய்ச்சின உளியை முக்கி இறுக்குவதைத் துவைச்சல் என்போம். வாயை மட்டும் சிவக்கக் காய்ச்சி, ஜீப்பு ஒர்க்‌ஷாப்பிலிருந்து வாங்கி வந்த கருப்பு ஆயிலில் முக்கி எடுத்து, கல்லில் தேய்த்து வெள்ளையாக்கிக் கண்ணை எடுக்காமல் பார்க்கவேண்டும். தண்டில் இருக்கிற சூடு வாயைப் பார்த்து ஊர்ந்து வரும். வைக்கோல் நிறம் வரும், பிறகு தேன் நிறம், பிறகு கத்திரிப்பூ நிறம். தேன் நிறத்தில் மறுபடி முக்கவேண்டும். முந்தினால் கண்ணாடி மாதிரி உடையும், பிந்தினால் வாய் மழுங்கும். அந்த நிறம் வந்து நிற்கிற நேரம் ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இராது. துவைத்த பிறகு வாயில் சுத்தியல் படக்கூடாது. இறுகின வாயை அடைகல்லில் வைத்துத் தட்டினால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்துவிடும். என் வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

அந்த வருசம் மலையில் மழை விட்டு ஏலக்காய் எடுப்புத் தொடங்குகிற சமயத்தில் என் கைக்குத் துவைச்சல் வந்துவிட்டது.

கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? ஒருநாள் கொழுந்தனார் சீக்கிரம் திரும்பி வந்தார். கதவைத் தள்ளினார். என் கையில் குறடு இருந்தது. வசவு விழப்போகிறது என்று நான் நின்றேன். அவர் கிட்டே வந்து உளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை நீட்டினார்.

"மதி. கொண்டாங்க மதினி."

வாங்கி, தண்டுப் பக்கம் ஒரு தட்டுத் தட்டினார். "இப்பச் சரியாயி" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு கதவு சாத்தவேண்டிய தேவையில்லை. நான் பாட்டுக்குச் செய்வேன், முடிகிற நேரத்துக்கு அவர் வந்து ஒரு தட்டுத் தட்டுவார். வாசலில் ஆள் நிழல் தெரிந்தால் மட்டும் குறட்டை அவர் கையில் கொடுத்துவிடவேண்டும். யாரும் இப்படிச் செய் என்று எனக்குச் சொல்லவில்லை. நானாகத்தான் கொடுத்தேன், முதல் தடவை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக்கடைக்காரர் இருந்தார். பெட்டி, புனல், சல்லடை செய்கிறவர். வீட்டில் வைத்துக் காய் பிரிக்கிற சின்ன வியாபாரிகள் அவரிடம்தான் ஏலக்காய்ச் சல்லடை வாங்குவார்கள். பெரிய காய் மேலே நிற்கும், சிறுசு கீழே விழும். ஓட்டையெல்லாம் ஒரே அளவாக இருக்கவேண்டும், ஓரத்தில் பிசிர் இருக்கக்கூடாது. பிசிர் இருந்தால் பச்சைத் தோலைக் கீறிவிடும், கீறின காயை யாரும் முதல் தரத்தில் சேர்க்கமாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் காய் பொறுக்கப் போனவள் நான். கீறல் விழுந்த காய்க்காக எத்தனை வசவு வாங்கியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். கடையில் வாங்கின உளி நாலு நாளில் வாய் மழுங்கிவிடுகிறது என்று தகரக்கடைக்காரர் எங்களிடம் கேட்டு வந்தார். அளவுக்கு ஒன்றாகச் செய்து கொடுத்தேன். மறுவாரம் பட்டறைக்கே நடந்து வந்தார்.

"ஓட்டை வெண்ணெயில விழுந்த மாதிரி விழுகுது. யாரு கை இது?" என்று கேட்டார்.

நான் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தேன். வாயைத் திறப்பதற்குள் கொழுந்தனார், "நம்ம கைதான்" என்றார்.

தகரக்கடைக்காரர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "மேஸ்திரின்னா மேஸ்திரிதான்" என்று சொல்லி, இன்னும் ஒரு செட்டு வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் போனதும் நான் விடவில்லை.

"தம்பி, யாரு செஞ்சதுன்னு அவரு கேட்டாருல்ல?"

"கேட்டாரு."

"நம்ம கைதான்னீகளே."

"நம்ம பட்டறை, நம்ம கை. இதுல என்ன மதினி பிரிச்சுப் பாக்கறது? நீங்க வேற, நான் வேறயா?"

இவ்வளவு தன்மையாகச் சொன்னால் எப்படிச் சண்டை போடுவது? அவரோடு எனக்கு இருந்த தொந்தரவே அதுதான். பிடுங்கிக்கொள்கிறவரை எதிர்க்கலாம். உனக்கும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்கிறேன் என்கிறவரை என்ன செய்வது? என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "விடு" என்றார்.

நான் விடவில்லை. மனசுக்குள் ஒன்று முடிவு செய்துகொண்டேன். எனக்கு ஆசாரிப் பட்டம் வேண்டாம், மாலை வேண்டாம். இது இந்தப் பொம்பளை அடித்த உளி என்று வெளியாள் ஒருத்தர் வாயால் ஒரு தடவை கேட்டுவிடவேண்டும். அடுத்த செட்டை நானே எடுத்துக்கொண்டு போய்த் தகரக்கடையில் கொடுப்பது, நான் செய்தது என்று சொல்லிக் கொடுப்பது. அதற்காகவே அந்தச் செட்டை உயிரைக் கொடுத்துச் செய்தேன். தலைப்பக்கம் விளிம்பு கையைக் கிழிக்காமல் அரம் போட்டுச் சாய்த்தேன். ஒவ்வொன்றாகத் துவைத்துத் துணியில் சுற்றி வைத்தேன். கடைசி உளி ஆயில் டின்னில் கிடந்தபோது கொழுந்தனார் வந்துவிட்டார்.

"ஆச்சா?"

"ஆச்சு. அதத் தொடாதீக தம்பி. துவைச்சு வச்சிருக்கேன்."

"ஒரு தட்டுத்தான மதினி."

டின்னிலிருந்து எடுத்துத் துடைத்து, நான் கை நீட்டுவதற்குள் உளியின் வாயை அடைகல்லில் படுக்க வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு. சத்தம் சரியில்லை. கீறல் விட்ட மணி மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் பலகையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் கேட்டது.

"அது வீணாப்போச்சு, அங்கனயே வையிங்க. நான் வேற அடிச்சுக்கிறேன்" என்றேன்.

"எங்க வீணாப்போச்சு? பளபளன்னு இருக்கு."

அடுப்பில் உலை பொங்கி வழிகிற சத்தம் கேட்டு உள்ளே போனேன். அரிசியைக் கிளறிவிட்டுத் திரும்பி வந்தபோது துணிப் பொட்டலமும் இல்லை, அந்த உளியும் இல்லை, அவரும் இல்லை. தகரக்கடைக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். நான் போவதற்குள் கடை அடைத்தாயிற்று. பொழுது விடிந்ததும் வாங்கி வந்துவிடலாம் என்று திரும்பினேன். காலையில் நான் போனபோது கடை வாசலில் கூட்டம். முதல் தகரத்தில் உளியை வைத்து அடித்ததுமே வாய் தெறித்துத் தகரக்கடைக்காரர் கண்ணில் பாய்ந்துவிட்டது. தேனிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

கண் பிழைத்தது, பார்வை பிழைக்கவில்லை. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள்.

சில நாள் கழித்துத் தகரக்கடைக்காரருடைய அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் பட்டறைக்கு வந்தார்கள். அண்ணன்காரர் கைக்குட்டையைப் பிரித்து, உடைந்த உளியை அடைகல்லின் மேல் வைத்தார்.

"இத அடிச்சது யாரு?"

கொழுந்தனார் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேர் எத்தனையோ பொருளைக் கையில் வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு தடவைகூட அவர் பதிலுக்கு யோசித்ததில்லை. அன்றைக்கு யோசித்தார்.

"மதினி செஞ்சது" என்றார். "பொம்பள குறடு புடிக்க வேணாம்னு நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். கேக்கல."

வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்களா ஆசாரியம்மா?"

தட்டினது அவர் என்று சொல்ல எனக்கு நாக்கு இருந்தது. நான் வேண்டாம் என்று சொன்னதற்கு வீட்டுக்காரர் சாட்சி. ஆனால் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் தட்டியதால் உடைந்தது என்றால் அந்த உளி அவருடையது. நல்ல உளியும் அவருடையது, உடைந்த உளியும் அவருடையது. எனக்கு ஒன்றுமே மிஞ்சாது. அத்தனை வருசத்தில் முதல் தடவையாக, வெளியாள் முன்னால், அவர் வாயால் என் பேர் வந்திருக்கிறது. அது பழியாக வந்தது. வரட்டும்.

"ஆமா, நான் செஞ்சதுதான்" என்றேன். "வெட்டுனது, காச்சுனது, இழுத்தது, அரம் போட்டது, துவைச்சது, எல்லாம் நான்தான்."

அண்ணன்காரர் வையப்போகிறார் என்று நினைத்தேன். "பொம்பளையாப் போயிட்டீக" என்று மட்டும் சொன்னார். மூன்று பேரும் திரும்பிப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு வீட்டுக்காரர், "நீ உள்ளதச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நீங்க சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் குறட்டைத் தொடவில்லை. சம்மட்டியையும் தொடவில்லை. அடிக்கிற ஆள் கிடைக்காமல் கொழுந்தனார் கரெண்டுச் சுத்தியல் ஒன்று வாங்கிப் போட்டார். நான் பழையபடி காய் பொறுக்கப் போனேன்.

அவர்கள் வந்துபோன அன்றைக்குச் சாயங்காலம் கொழுந்தனார் அடுப்படிக்கு வந்ததை மட்டும் சொல்லவேண்டும். சட்டி மூடியைத் தூக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மதினி, என் தட்டுல உடைஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா என் பழிய நீங்க ஏத்துக்கிட்டீக? பெத்த தாயி செய்வாளா இத?"

"தம்பி, உங்களுக்காக நான் சொல்லல. அது நான் செஞ்ச உளி. அதனால சொன்னேன்."

"இப்பக்கூட விட்டுக்குடுக்க மாட்டேங்கிறீகளே" என்று சொல்லித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நிஜமான அழுகைதான். நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. அவருக்குச் சொல்லத் தெரிந்த கதை வேறு.

பிறகு வருசம் ஓடிப்போனது. அவருக்கு அறுபதாங் கல்யாணம் வந்தது. போடியில் மண்டபம் பிடித்து மைக்செட்டு வைத்துச் செய்தார்கள் பிள்ளைகள். சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. தகரக்கடைக்காரரும் கருப்புக் கண்ணாடி போட்டு வந்திருந்தார். மாலையும் கழுத்துமாக நின்ற கொழுந்தனார் திடீரென்று மைக்கைக் கொண்டா என்று வாங்கினார்.

"எல்லாரும் இருக்கீக. இத்தன நாளா நெஞ்சுக்குள்ள வச்சிருந்தத இறக்கி வைக்கிறேன். அந்தத் துளையுளி என் கையில உடைஞ்சது. அது என் தப்பு. என் மதினி எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டு, அன்னைக்கு எறக்கி வச்ச சம்மட்டிய இன்னைக்கு வரைக்கும் தொடல. இப்படி ஒரு மதினி எவனுக்குக் கெடைக்கும்?"

மண்டபத்தில் பொம்பளைகள் கண்ணைத் துடைத்தார்கள். தகரக்கடைக்காரர் மேடைக்கு ஏறிப் போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பெரிய மனசு மேஸ்திரி உங்களுக்கு. யாரு சொல்லுவா இப்படி?" என்று மைக்கில் கேட்டது.

நான் எழுந்து நின்றேன். முன்வரிசைதான்.

"அது நான் அடிச்ச உளி" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

கொழுந்தனார் என்னைக் கை காட்டினார். "பாருங்க. இன்னைக்கும் எனக்காகப் பேசுறாங்க" என்றார். கைதட்டினார்கள். என்னை மேடைக்குக் கூட்டிப்போய்ச் சேலை கொடுத்தார்கள், அவர் என் காலில் விழுந்தார், போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ அவர் வீட்டில் இன்னும் மாட்டியிருக்கிறது. என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, கைதட்ட முடியாத கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒருத்தருக்குத்தான் என் முகம் ஏன் அப்படி இருந்தது என்று தெரிந்திருக்கும்.

கொழுந்தனார் இறந்துபோய் இப்போது கொஞ்சகாலம் ஆகிறது. நல்ல சாவு, நல்ல கூட்டம். பெரிய மனசுக்காரர் என்றுதான் ஊர் பேசுகிறது.

அன்றைக்கு மண்டபத்திலிருந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது தகரக்கடைக்காரர் வாசலில் என்னை நிறுத்தினார். தெரிகிற கண் என் பக்கம் வரும்படி தலையைத் திருப்பிக்கொண்டு பேசினார்.

"ஆசாரியம்மா, ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன். அந்த ஒண்ணுதான் போச்சு. துணியில சுத்திக் குடுத்த மத்த உளியெல்லாம் இன்னைக்கும் ஓடுது. வாய் தேயவே இல்ல. சல்லடை முழுக்க அதுலதான் போடுறேன்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"இப்ப மேஸ்திரிய ஆளுக சுத்தி நிக்கிறாங்க, நான் கிட்டப் போக முடியல" என்றார். "நீங்க வீட்டுக்குப் போனதும் அவருகிட்டச் சொல்லிருங்க. கேட்டா சந்தோசப்படுவாரு."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.